ஜாபிக்ஸில் சர்வர்களின் நலத்தை உலக வரைபடத்தில் கண்காணிக்கும் முறை

2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருந்த ஓவிஹெச் என்ற மேகக் கணிமை நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பற்றி ஒரு கட்டடம் முழுவதும் எரிந்து போனது. பேக்கப் எடுக்காதவர்கள் மட்டுமன்றி, எடுத்த பேக்கப் அதே இடத்தில் இருந்தவர்களும் தரவை இழந்தார்கள். சர்வர்களின் பெயர்ப் பட்டியலில் முதன்மை சர்வரும் பேக்கப் சர்வரும் இரண்டு தனி வரிகளாகத் தெரியும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. மின்தடை, தீ, கேபிள் அறுந்துபோதல் ஆகியவை இடத்தைப் பொறுத்தே தாக்குகின்றன. அதனால் சர்வர்களின் நிலையை இடத்தோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்குக் கட்டணமில்லாத, திறந்த மூலக் கண்காணிப்பு மென்பொருளான ஜாபிக்ஸ் போதும். அதன் 6.0 பதிப்பில் ஜியோமேப் என்ற விட்ஜெட் (டாஷ்போர்டில் வைக்கும் சிறு காட்சிப் பலகை) வந்தது. இங்கே 7.0 பதிப்பின் மெனுப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். எடுத்துக்காட்டாக மும்பை, சிங்கப்பூர், ஃபிராங்க்ஃபர்ட், அமெரிக்காவின் ஆஷ்பர்ன் ஆகிய நான்கு ஊர்களில் ஊருக்கொரு லினக்ஸ் சர்வர் இருப்பதாகவும், ஜாபிக்ஸ் சர்வர் மும்பையில் ஓடுவதாகவும் வைத்துக்கொள்வோம்.

படி 1: ஏஜென்டை இணைத்தல்

ஜாபிக்ஸ் சர்வரை நிறுவியவுடன் அட்மின் பயனருக்கான இயல்புநிலைக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்; அது உலகறிந்தது. பின்பு நான்கு சர்வர்களிலும் ஜாபிக்ஸ் ஏஜென்டை (சர்வரின் நிலையை ஜாபிக்ஸுக்குத் தெரிவிக்கும் சிறு நிரலை) நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் 'சர்வர்' என்ற வரியில் ஜாபிக்ஸ் சர்வரின் ஐபி முகவரியைக் கொடுத்து, ஏஜென்டை மீண்டும் தொடங்க வேண்டும். ஏஜென்ட் 10050 என்ற போர்ட்டில் காத்திருக்கும். ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை ஜாபிக்ஸ் சர்வரின் முகவரிக்கு மட்டும் திறந்தால் போதும். தரவு பொது இணையம் வழியே போவதால் ஹோஸ்டின் (ஜாபிக்ஸில் பதிவாகும் ஒவ்வொரு சர்வரின்) 'என்கிரிப்ஷன்' பகுதியில், முன்பே பகிர்ந்துகொண்ட ரகசியச் சாவியால் தரவை மறையாக்கும் பிஎஸ்கே முறையையும் அமைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து 'டேட்டா கலெக்‌ஷன்' மெனுவில் 'ஹோஸ்ட்ஸ்' பக்கத்துக்குச் சென்று ஒவ்வொரு சர்வரையும் ஹோஸ்டாகச் சேர்த்து, 'லினக்ஸ் பை ஜாபிக்ஸ் ஏஜென்ட்' என்ற டெம்ப்ளேட்டை (எவற்றைக் கண்காணிக்க வேண்டும் என்ற ஆயத்தத் தொகுப்பை) இணையுங்கள். இந்த இணைப்பை மறந்துவிட்டால் பின்னால் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. அதை நான்காம் படியில் சொல்கிறேன்.

படி 2: இடத்தைப் பதிவுசெய்தல்

பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் நேர்கின்றன என்பதால் நிதானமாகச் செய்யுங்கள். ஹோஸ்டைத் திறந்து 'இன்வென்டரி' பகுதியில் 'மேனுவல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் நீண்ட படிவம் ஒன்று விரியும். அதில் 'லொகேஷன் லேட்டிட்யூட்' என்ற கட்டத்தில் அட்சரேகையையும் 'லொகேஷன் லாங்கிட்யூட்' என்ற கட்டத்தில் தீர்க்கரேகையையும் தசம எண்ணாக நிரப்ப வேண்டும். மேகக் கணிமைச் சர்வர்களுக்குக் கட்டடத்தின் துல்லியமான இடம் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. நகரத்தின் மையப் புள்ளியே போதுமானது.

மும்பை: 19.0760, 72.8777
சிங்கப்பூர்: 1.3521, 103.8198
ஃபிராங்க்ஃபர்ட்: 50.1109, 8.6821
ஆஷ்பர்ன்: 39.0438, -77.4874

ஆஷ்பர்னின் தீர்க்கரேகைக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியைக் கவனியுங்கள். கிரீன்விச்சுக்கு மேற்கே உள்ள இடங்களுக்கும், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள அட்சரேகைகளுக்கும் எண் எதிர்மறையாக இருக்கும். அந்தச் சிறு கோட்டை விட்டுவிட்டால் ஆஷ்பர்ன் சர்வர் சீனாவின் மேற்குக் கோடியில், சிஞ்சியாங் பகுதியில் போய் நிற்கும். இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதினால் மும்பை சர்வர் நார்வேக்கு வடக்கே கடலில் மிதக்கும். சிங்கப்பூருக்கு அதே தவறைச் செய்தால் சர்வர் வரைபடத்திலேயே தோன்றாது; ஏனெனில் அட்சரேகை 90ஐத் தாண்ட முடியாது. எனவே ஒரு ஹோஸ்ட் காணாமல் போனால் முதலில் இந்தப் படிவத்தைத் திறந்து பாருங்கள்.

படி 3: விட்ஜெட்டை அமைத்தல்

டாஷ்போர்டில் 'எடிட்' கொடுத்து, புதிய விட்ஜெட்டின் வகையாக 'ஜியோமேப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஹோஸ்ட் குழுவைக் குறிப்பிட்டு, 'இனிஷியல் வியூ' கட்டத்தில் 25,15,2 என எழுதினால், அட்சரேகை, தீர்க்கரேகை, உருப்பெருக்க அளவு என்ற வரிசையில் அதை எடுத்துக்கொண்டு நான்கு ஊர்களும் அடங்கும் காட்சி திறக்கும். அருகருகே உள்ள சர்வர்கள் ஒரே குறியாகச் சேர்ந்து தெரியும்.

வரைபடத்தின் பின்னணி வெற்றாக இருந்தால் பதற வேண்டாம். அந்தப் படத்துண்டுகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிடமிருந்து கேட்டு வாங்குவது உங்கள் பிரவுசர்தான். இணைய வசதி இல்லாத உள் வலையமைப்பிலிருந்து பார்த்தால் அவை வராது. 'அட்மினிஸ்ட்ரேஷன்' மெனுவின் 'ஜெனரல்' பிரிவில் உள்ள 'ஜியோகிராஃபிகல் மேப்ஸ்' பக்கத்தில் வேறு மூலத்தைக் கொடுக்கலாம்.

படி 4: நிறங்களைச் சோதித்துப் பார்த்தல்

சிக்கல் இல்லாத ஹோஸ்ட் பச்சையாகவும், சிக்கல் உள்ள ஹோஸ்ட் அதன் மிகக் கடுமையான சிக்கலின் நிறத்திலும் தெரியும்: எச்சரிக்கைக்கு மஞ்சள், நடுத்தரத்துக்கு ஆரஞ்சு, பேரிடர் நிலைக்குச் சிவப்பு. ஆனால் டெம்ப்ளேட் இணைக்கப்படாத ஹோஸ்டுக்கு டிரிக்கரே (சிக்கலைக் கண்டு அறிவிக்கும் விதியே) இல்லாததால், அந்தச் சர்வர் அணைந்து கிடந்தாலும் பச்சையாகவே நிற்கும். ஒரு முறையாவது வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்த பிறகுதான் பச்சையை நம்ப வேண்டும்.

ஃபிராங்க்ஃபர்ட் சர்வரில் ஏஜென்டை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். டெம்ப்ளேட்டின் டிரிக்கர் மூன்று நிமிடம் பொறுத்துப் பார்க்கும். விட்ஜெட் இயல்பாக நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும். ஐந்து நிமிடத்துக்குள் அந்தக் குறி ஆரஞ்சாக மாற வேண்டும். மாறவில்லை என்றால் டெம்ப்ளேட்டையும் ஹோஸ்டின் இன்டர்ஃபேஸ் முகவரியையும் (ஹோஸ்டைச் சேர்த்தபோது கொடுத்த சர்வரின் ஐபி முகவரியையும்) சரிபாருங்கள்.

இனி மும்பை மட்டும் பச்சையாக இருக்க, மற்ற மூன்றும் ஒரே நேரத்தில் ஆரஞ்சாகும் காட்சியை எண்ணிப் பாருங்கள். மூன்று கண்டங்களில் ஒரே நிமிடத்தில் சர்வர்கள் சாய்வதைவிட, அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் மும்பையின் இணைய இணைப்பு அறுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட நேரத்தில் தொலைவில் நலமாக ஓடும் சர்வர்களை ரீஸ்டார்ட் செய்யப் புறப்பட்டால் இருக்கும் சேவையும் கெடும். இதைத் தெளிவாகப் பிரித்தறிய, மும்பையிலிருந்து வெளி முகவரி ஒன்றைப் பிங் செய்யும் (சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா எனப் பார்க்கும்) சோதனையைச் சேர்த்து, மற்ற மூன்று ஹோஸ்ட்களின் 'ஏஜென்ட் கிடைக்கவில்லை' என்னும் டிரிக்கர்களை அந்தச் சோதனையின் டிரிக்கரைச் சார்ந்தவையாக 'டிபென்டென்சீஸ்' பகுதியில் அமையுங்கள். அப்போது இணைப்பு அறுந்தால் மும்பையின் குறி மட்டுமே நிறம் மாறும்.