பழைய காரை வீட்டில் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் பழைய கார் தேடி அலைகிறவர்கள் ஒரு பேச்சை அடிக்கடி கேட்டிருப்பார்கள்: "எல்லாப் பாகமும் இருக்கிறது, பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்." போய்ப் பார்த்தால், கதவில்லாத ஒரு மோரிஸ் மைனர் போர்ச்சின் ஓரத்தில் நிற்கும். பின் இருக்கை இருந்த இடத்தில் நாலைந்து அட்டைப் பெட்டிகள். மைலோ டின் நிறையத் துருப்பிடித்த போல்ட்டுகள். எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று விற்பவருக்கே தெரியாது. ஓடிக்கொண்டிருந்த கார்களுக்குக்கூட இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. நான் பார்த்தவரை, வீட்டில் சீரமைக்கத் தொடங்கிய கார்களில் பல, வெல்டிங்குக்கும் பெயிண்டுக்கும் போகும் முன்பே, பிரிக்கும் கட்டத்திலேயே கைவிடப்படுகின்றன. மீண்டும் பொருத்துவதை நினைத்துப் பிரிக்காததே அதற்குக் காரணம்.

இங்கே சொல்வதற்குப் பெரும்பாலும் மோரிஸ் மைனரையே எடுத்துக்கொள்கிறேன். 1948இல் வெளிவந்து, பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார் அது. நம் ஊரில் இன்றும் கண்ணில் படுகிறது. டட்சன் 120ஒய், பழைய கொரோலா, பீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஸ்பேனரை எடுக்கும் முன் பதிவுப் பத்திரத்தை எடுங்கள். அதிலுள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காரில் இருப்பவையோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எண் ஒத்துப்போகாத காரை எவ்வளவு அழகாகச் சீரமைத்தாலும் பரிசோதனையில் சிக்கல் வரும். எண் பொறித்த தகட்டைப் பெயிண்ட் உரிப்பதற்காகக் கழற்றி எங்கோ வைத்துவிடுவதும், மணல் வீசித் துரு நீக்கும் இடத்துக்கு அப்படியே அனுப்பி எழுத்து அழிந்துபோவதும் நடக்கிற காரியங்கள். தகட்டைப் படம் எடுத்து, காரிலேயே விட்டு, மேலே தடித்த டேப் ஒட்டி மூடுங்கள்.

அடுத்த தவறு, காரை முழுதாக இருக்கும்போது விசாரிக்காமல் விடுவது. ஓடுகிற நிலையில் இருந்தால் முதலில் ஓட்டிப் பாருங்கள். எந்த கியரில் சத்தம் வருகிறது, பிரேக் பிடித்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது, கதவு மூடும்போது எங்கே உரசுகிறது? பிரித்த பிறகு கார் இவற்றைச் சொல்லாது. கதவுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில் அளந்து எழுதி வையுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பதிவு செய்யும் வேலையில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கைபேசியில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் படங்களைத் திறந்தால், எண்ணெய் படிந்த ஏதோ ஒரு மூலையும் அதில் ஏதோ ஒரு அடைப்பானும்தான் தெரியும். எந்தப் பக்கம், எது மேல், எது முன் என்று தெரியாது. ஒவ்வொரு பாகத்துக்கும் முதலில் தள்ளி நின்று ஒரு படம், பிறகு நெருங்கி ஒரு படம், கழற்றிய பின் அதன் போல்ட்டுகளைப் பொருத்தும் வரிசையிலேயே தரையில் அடுக்கி ஒரு படம் என்று எடுங்கள். பாகத்தின் பெயரும் பக்கமும் எழுதிய மாஸ்கிங் டேப் துண்டு மூன்றிலும் தெரியட்டும். படத்தோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். "இடது முன் மட்கார்டு, மேல்வரிசை, வாஷர் இரண்டு, உள்பக்கம் பெரியது" என்ற ஒரு வரி எந்தப் படத்தைவிடவும் உதவும்.

போல்ட்டுக்கு மிகப் பாதுகாப்பான இடம் அது வந்த துளைதான். பாகத்தைக் கழற்றியதும் போல்ட்டைக் கையால் அதே துளையில் திருப்பி வைத்துவிடுங்கள். முடியாதவற்றை மட்டும் ஜிப் பையில் போடுங்கள். பையின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதுவதோடு, பென்சிலால் எழுதிய சிறு சீட்டையும் உள்ளே வையுங்கள். மார்க்கர் மை எண்ணெய் பட்டால் அழிந்துவிடும். அட்டைப் பெட்டி வேண்டவே வேண்டாம். நம் ஈரக்காற்றில் அட்டை ஊறிப்போகும், கறையான் அதைத் தேடி வரும், எலி அதில் குடும்பம் நடத்தும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளை வாங்கி, முன் சஸ்பென்ஷனுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று பிரித்து வையுங்கள்.

கதவுக் கீலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகட்டுத் துண்டுகளைத் தனியே சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் ஒவ்வொரு கதவையும் நேராக நிறுத்த வைத்த துண்டுகள் அவை. எத்தனை, எந்தக் கீலில் என்பது காருக்குக் கார் மாறும். குப்பை என்று நினைத்துப் பலர் எறிந்துவிடுகிறார்கள். முன் சக்கரங்களைத் தாங்கும் திருகுமரையுள்ள டிரனியன்களும் இடது, வலது என்று வேறுபட்டவை. பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் ஒரே பெட்டியில் கலந்துவிடும். கழற்றிய உடனே கம்பியில் அடையாளத் தாள் கட்டிவிடுங்கள்.

வயரைக் கத்தரிக்காதீர்கள். துருப்பிடித்த முனையில் பொறுமை இழந்து கத்தரிப்பது மிக எளிது, பின்னர் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அக்கால பிரிட்டிஷ் கார்களில் லூக்காஸ் நிற முறை உண்டு. பழுப்பு நேரடியாக பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி திருப்பினால் மின்சாரம் பெறுவது, பச்சை அதே மின்சாரம் ஃபியூஸ் தாண்டி வருவது, கறுப்பு எர்த். ஆனால் அறுபது ஆண்டு வெயிலிலும் எண்ணெயிலும் பழுப்பும் பச்சையும் ஒரே நிறமாகியிருக்கும். ஒவ்வொரு முனையிலும் அது எங்கே போகிறது என்று எழுதி ஒட்டிய பிறகே கழற்றுங்கள். மட்கிப்போன வயரிங்கையும் எறியாதீர்கள். புதியதைப் போடும்போது நீளத்துக்கும் கிளை பிரியும் இடத்துக்கும் அதுதான் அளவுகோல்.

கருவிப்பெட்டியில் ஒரு பொறி இருக்கிறது. மைனரின் போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. நம் வீடுகளில் இருப்பதோ ஜப்பானிய கார்களுக்கு வாங்கிய மில்லிமீட்டர் ஸ்பேனர். அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர் என்பதால் 13 பொருந்துவது போலவே இருக்கும். துருப்பிடித்த நட்டில் அழுத்தினால் மூலைகள் வழுக்கி வட்டமாகிவிடும். 9/16 அங்குலமோ 14.29 மில்லிமீட்டர்: 14 உள்ளே போகாது, 15 ஆடும். அங்குல சாக்கெட் செட் ஒன்று வாங்குவது செலவல்ல. அதிலும் ஆறு மூலைச் சாக்கெட்டாக வாங்குங்கள். பன்னிரண்டு மூலை உள்ளது பழைய நட்டைச் சீக்கிரம் கெடுக்கும்.

இறுகிய போல்ட்டுக்கு முதல் மருந்து நேரம். துரு இளக்கும் எண்ணெயை முந்திய நாளே ஊற்றி, மறுநாள் மீண்டும் ஊற்றி, சுத்தியலால் தலையில் தட்டி, முதலில் சற்று இறுக்கிப் பிறகு தளர்த்திப் பாருங்கள். மட்கார்டு போல்ட் முறிந்தாலும் பரவாயில்லை, புதியது கிடைக்கும். என்ஜின் தலைப்பில் மேனிஃபோல்டை (புகைக்குழாய் வந்து சேரும் பாகம்) பிடித்திருக்கும் ஸ்டட், அதாவது தலையில்லாத போல்ட், முறிந்தால் துளையிட்டு எடுப்பதற்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். எதில் முரட்டுத்தனம் காட்டலாம், எதில் கூடாது என்று வேலையைத் தொடங்கும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள்.

உயிருக்கு ஆபத்தான தவறுகளுக்கு வருகிறேன். வரிசை வீடுகளின் போர்ச் மழைநீர் வடிய வாசல் பக்கம் சாய்வாகக் கட்டப்பட்டிருக்கும். நடக்கும்போது தெரியாத அந்தச் சாய்வு, ஜாக்கியில் ஏற்றிய காரை நகர்த்தப் போதும். தரை ஓடுகள் ஸ்டாண்டின் காலடியில் வெடிக்கவும் கூடும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு அடை கொடுத்து, தடித்த பலகை போட்டு, அதன்மேல் ஸ்டாண்டை வைத்து, காரை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் போகாதீர்கள். மைனரில் ஜாக்கி வைக்கும் இடமே முதலில் துருப்பிடிக்கும் இடங்களில் ஒன்று. போர்ச் கூரையின் இரும்புச் சட்டத்தில் சங்கிலி கட்டி என்ஜினைத் தூக்குவதையும் பார்த்திருக்கிறேன். தகரத்தைத் தாங்கக் கட்டிய சட்டம் அது. எஞ்சின் கிரேனை வாடகைக்கு எடுங்கள்.

மைனரின் முன் சக்கரத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. முறுக்கி வைத்த நீண்ட இரும்புத்தண்டு, டார்ஷன் பார், அந்த வேலையைச் செய்கிறது. சக்கரத்தோடு சேரும் கீழ்க்கையைத் தாங்காமல் இணைப்பைக் கழற்றினால், அடங்கியிருந்த முறுக்கு முழுவதும் ஒரே வீச்சில் வெளிப்படும். ஜாக்கியால் கையைத் தாங்கி மெதுவாக இறக்குங்கள். தண்டும் கையும் சேரும் நிலையைப் பெயிண்டால் குறியிடுங்கள். பஞ்ச் என்னும் கூர்முனைக் கருவியால் குத்திக் குறியிட்டால் அந்த வடுவிலிருந்தே பின்னாளில் விரிசல் விடலாம். இடது தண்டை வலப்பக்கம் போடவும் கூடாது. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், சட்டத்துக்குள் இருக்கிறது. அதன் போல்ட்டை எடுக்க இந்தத் தண்டுதான் வழிமறிக்கும். எதை முதலில் கழற்றுவது என்று பட்டறைக் கையேட்டைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

பேட்டரியில் உடலோடு சேரும் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். மைனரில் அது பாசிட்டிவ் முனை. பழைய உரிமையாளர் யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால் நிறத்தை நம்பாமல் கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள். காலியான பெட்ரோல் டாங்கிக்குள் ஆவி தங்கியிருக்கும். அதன் அருகே வெல்டிங்கோ கிரைண்டரோ வேண்டாம். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச்சிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதாதீர்கள். முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி வையுங்கள். பிள்ளைகள் விளையாடும் அதே போர்ச்சில்தான் இந்த வேலை நடக்கிறது.

கதவு இடைவெளியை அளக்கச் சொன்னதன் காரணம் இதுதான். மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடலே சட்டம். கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் தகரப் பெட்டி மட்கிவிட்டது என்று இருபுறமும் வெட்டி எடுத்தால், நடுவில் கார் தொய்ந்துவிடும். அந்த நிலையிலேயே புதுத் தகரத்தை வைத்து வெல்டிங் செய்தால் கதவு இனி எப்போதும் மூடாது. வெட்டும் முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய் பொருத்தி, ஒரு பக்கத்தை முடித்து, அளவைச் சரிபார்த்து, பிறகு மறுபக்கம் போங்கள். கூரை திறக்கும் வகையில் இது இன்னும் கண்டிப்பு.

பெயிண்டை முழுதும் உரித்துப் பளபளவென்று நிறுத்துவது இன்னொரு அவசரம். கடற்காற்று வீசும் தீவில் வெறும் இரும்பு ஓர் இரவிலேயே மஞ்சளிக்கும். அன்றே பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் உரியுங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை வலுக்கும்போது வெளியில் கிடக்கும் மட்கார்டும் டயரும் தண்ணீர் தேக்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதமும் வரும். எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். வடித்த என்ஜின் எண்ணெய் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட கழிவு. கால்வாயில் ஊற்றாமல், கழிவெண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள்.

சக்கரத்தையும் ஸ்டீயரிங்கையும் கடைசிவரை காரில் விட்டு வையுங்கள். உருளும் காரைத் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு ஓரம் தள்ளலாம், வெல்டிங் பட்டறைக்கு லாரியில் ஏற்றலாம். சக்கரமில்லாத கூட்டை நகர்த்த ஆறு பேர் வேண்டும். குரோம் பூசவோ கடைசல் பிடிக்கவோ வெளியே அனுப்பும் பாகங்களை எண்ணி, படம் எடுத்து, பட்டியலில் கடைக்காரரின் கையொப்பம் வாங்குங்கள். சிறு திருகும் பட்டியலில் இருக்கட்டும். பழைய பாகம் எவ்வளவு கெட்டிருந்தாலும், புதியது வந்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, காரில் பொருத்தி ஓட்டிப் பார்க்கும்வரை குப்பைக்கு அனுப்பாதீர்கள். இன்று தயாராகும் ரப்பரும் தகரமும் அளவில் சற்றே மாறி வருவதுண்டு. துளை எங்கே வர வேண்டும் என்று அப்போது காட்டக்கூடியது அந்தப் பழைய துண்டு மட்டுமே.