ஒரே இருப்புச்சட்டியில் உப்புக்கறியும் உருளையும்: புதன்கிழமை ராத்திரிச் சமையல்

செட்டிநாட்டில் வார நாளில் கறி எடுப்பதென்றால் பெரும்பாலும் அது புதன்கிழமைதான். செவ்வாய், வெள்ளி, சனியில் கவுச்சி தொடாத வீடுகள் அதிகம். ஞாயிற்றுக்கிழமை கையில் நேரம் இருக்கும். குழம்பு, வறுவல், ரசம் என்று நாலு பாத்திரம் ஏற்றலாம். புதன் ராத்திரி அப்படியில்லை. ஏழு மணிக்கு அடுப்படிக்குள் நுழைந்தால் எட்டேகாலுக்குத் தட்டு வைத்தாக வேண்டும். அதற்கு உப்புக்கறிதான் தோது: ஆட்டுக்கறியை மிளகாய், வெங்காயம், பூண்டு, உப்போடு வேகவைத்து வறுப்பது. வறுத்து அரைக்கும் வேலை கிடையாது. பட்டை, கிராம்பு, கல்பாசி எதையும் தேட வேண்டாம். கிழங்கும் சேர்வதால் அரைக்கிலோ கறி நாலு பேருக்குக் காணும்.

ஒரே சட்டி என்றதும் எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டிவிடத் தோன்றும். கெடுவது அங்கேதான். கிழங்குக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும், ஆட்டுக்கறிக்கு அரைமணி வேண்டும். மேல்நாட்டு ஸ்டேக் பெரும்பாலும் மாட்டின் முதுகுப் பக்கத்துக் கறி. அதிகம் உழைக்காத தசை என்பதால் காய்ந்த சட்டியில் போட்டு, இரு புறமும் முறுகவிட்டு, சில நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். ஆட்டுத் தொடையில் சவ்வும் நாரும் உண்டு. அவை ஈரச்சூட்டில் நின்று நிதானமாகத்தான் இளகும். அதனால் இங்கே வரிசை தலைகீழ்: கறி முதலில் வேகும், கடைசியில் வறுபடும். கிழங்கு அதற்கும் முன்பே வறுபட்டுத் தட்டில் காத்திருக்கும்.

கறிக்கடையில் தொடைப் பக்கம் தனிக்கறியாக, கொஞ்சம் கொழுப்போடு, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாகக் கேளுங்கள். துண்டு பெரிதானால் வேகும் நேரமும் ஏறிவிடும். கறி வெளிர்சிவப்பாக இருந்தால் இளசு. கருஞ்சிவப்பாக இருந்தால் முற்றல். அன்றைக்கு இந்த முறையை விட்டுவிட்டுக் குக்கரை எடுப்பதே புத்திசாலித்தனம்.

மற்றவை: உருளைக்கிழங்கு 300 கிராம், சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 15 பல், குண்டு மிளகாய் 10, நல்லெண்ணெய் 5 மேசைக்கரண்டி, சோம்பு 1 தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை 2 கொத்து, சின்னத் தக்காளி ஒன்று, பச்சைப் பப்பாளி ஒரு சின்னத் துண்டு, கல்லுப்பு. மிளகாய் ராமநாதபுரத்துக் குண்டாக இருந்தால் நல்லது. 2023-இல் முண்டு மிளகாய் என்ற பெயரில் புவிசார் குறியீடு வாங்கியது அதுதான். தோல் தடித்தது என்பதால் எண்ணெயில் உப்பி நிற்கும். நீட்டு மிளகாய் சட்டென்று கருகும். சட்டி அடி கனத்து, பத்துப் பன்னிரண்டு அங்குல அகலத்தில் இருக்க வேண்டும். அதைவிடச் சிறியதில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கடைசி வறுவல் சரியாக வராது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கறி. கழுவி நீரை ஒட்டப் பிழிந்து, மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி உப்பு, தோலோடு அரைத்த பச்சைப் பப்பாளி ஒரு தேக்கரண்டி போட்டுப் பிசறி இருபது நிமிடம் வையுங்கள். பப்பாளியில் உள்ள பப்பேன் என்னும் நொதி தசைநாரை அறுக்கும். அது மும்முரமாக வேலை செய்வது ஊறும்போது அல்ல, சட்டியில் 60, 70 டிகிரி சூடு ஏறும்போது. கொதி வந்ததும் அடங்கிவிடும். அதனால் காலையிலேயே பிசறி வைப்பதிலும் இரண்டு கரண்டி போடுவதிலும் லாபமில்லை. கறி மாவு மாதிரி உதிரும், கடிக்க ஒன்றும் இருக்காது. இளங்கறிக்குப் பப்பாளி இல்லாமலும் நடக்கும். பத்து நிமிடம் கூடுதலாக வேகட்டும்.

ஊறுகிற நேரத்தில் கிழங்கை முடிக்கலாம். தோல் சீவி, கறித்துண்டு அளவுக்கே நறுக்கி, தண்ணீர் தெளியும்வரை இரண்டு முறை அலசுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவுதான் சட்டியில் பிடிக்கும். பிறகு துணியில் ஒற்றி ஈரமில்லாமல் எடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்த கிழங்கு வேண்டாம். குளிரில் அதன் மாவு சர்க்கரையாகத் திரும்பும். உள்ளே வேகுமுன் மேலே கருத்துவிடும்.

சட்டியை நடுத்தரத் தீயில் மூன்று நான்கு நிமிடம் வெறுமனே காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டு ஓடினால் பதம். மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்பி, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். மூன்று நிமிடத்துக்குக் கரண்டி போடக் கூடாது. அடி முறுகியதும் துண்டு தானாக விட்டுக்கொடுக்கும். அதற்கு முன்னால் கிளறினால் பொருக்கு சட்டியில், கிழங்கு கரண்டியில். புரட்டிவிட்டு, தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் மூடுங்கள். திறந்து இன்னும் மூன்று நான்கு நிமிடம் வறுத்து, இறக்கும்போது ஒரு சிட்டிகை உப்பு. முன்னாலேயே உப்புப் போட்டால் கிழங்கு நீர் விட்டு, வறுவல் அவியலாகிவிடும். தட்டில் எடுத்து வையுங்கள், மூட வேண்டாம்.

அதே சட்டியில் மீதி எண்ணெயை ஊற்றிச் சோம்பைப் பொரியவிடுங்கள். மிளகாயை இரண்டாகக் கிள்ளி, விதையை உதறிவிட்டுச் சிறுதீயில் போடுங்கள். நிறம் ஒரு படி கருக்கும்போதே பூண்டும் வெங்காயமும் விழ வேண்டும். மிளகாய் கரியானால் வீடே இருமும். கசப்பும் கடைசிவரை போகாது. அப்படி ஆனால் தயங்காமல் எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே மலிவு. வெங்காயத்தை முழுதாகவே போடலாம், பெரியதை மட்டும் இரண்டாக்கினால் போதும். ஐந்து நிமிடத்தில் அது பளபளக்கும். அதன் ஈரத்தில் அடியில் ஒட்டிய கிழங்குப் பொருக்கும் கரண்டிக்கு வந்துவிடும். வீணாக்காதீர்கள், நிறமும் ருசியும் அதில்தான்.

இப்போது கறி. தீயைக் கூட்டி ஐந்து நிமிடம் பிரட்டினால் நிறம் வெளுத்து, சட்டி நிறையத் தண்ணீர் விடும். வறுபடவில்லையே என்று பதற வேண்டாம், இது வேகும் கட்டம். ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி, கனமான மூடி போட்டுச் சிறுதீயில் அரைமணி விடுங்கள். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் கொதி இறங்கும். நன்றாகக் காய்ந்த வார்ப்பிரும்பில் விரிசல் விழவும் வாய்ப்புண்டு. நடுவில் ஒருமுறை திறந்து பாருங்கள். தண்ணீர் வற்றியிருந்தால் கால் டம்ளர் வெந்நீர் சேர்க்கலாம். கறி ரப்பராகிப்போனது என்பவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான்: வேகுமுன்பே நீர் வற்றி, வேகாத கறியை வறுத்திருப்பார்கள்.

கரண்டி விளிம்பால் அழுத்தினால் துண்டு பிளக்க வேண்டும். அதன் பிறகுதான் தக்காளி. முதலிலேயே போட்டால் புளிப்பு அரைமணி நேரம் இரும்பில் கிடந்து, சட்டியின் பழக்கத்தையும் (எண்ணெய் ஏறி ஏறிப் படிந்த வழவழப்பு) எடுத்துக் கறியில் இரும்பு வாடையையும் ஏற்றும். கிழங்கைத் தக்காளியோடு சேர்க்காததற்கும் காரணம் உண்டு: புளிப்பில் கிழங்கு எளிதில் வேகாது. தக்காளியே வேண்டாம் என்பவர்கள் விட்டுவிடலாம், உப்புக்கறிக்கு அது கட்டாயமில்லை.

மூடியை எடுத்துவிட்டுத் தீயைக் கூட்டுங்கள். இந்த ஏழெட்டு நிமிடத்துக்கு அடுப்பை விட்டு நகரக் கூடாது, போனை எடுக்கவும் கூடாது. சத்தத்தைக் கேளுங்கள். தண்ணீர் இருக்கும்வரை தளதளவென்று கொதிக்கும். வற்ற வற்ற அது குறைந்து, எண்ணெய் ஓரத்தில் பிரியும்போது சடசடவென்று மாறும். சட்டியில் நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவக்க 140-ஆவது வேண்டும். அந்தச் சடசடப்புக்குப் பிறகு வரும் மூன்று நிமிடம்தான் உண்மையான வறுவல். நிமிடத்துக்கு ஒருமுறை அடியோடு புரட்டினால் போதும். வெங்காயம் குழைந்து கறியில் ஒட்டி, துண்டின் முனைகள் கருஞ்சிவப்பாகும். உப்பை இப்போது பாருங்கள். தண்ணீர் போனாலும் உப்பு போகாது. குழம்பாக இருக்கையில் சரியாக இருந்தது வற்றியபின் கரிக்கும்.

கிழங்கையும் உருவிய கறிவேப்பிலையையும் போட்டு இரண்டு நிமிடம், துண்டுகள் உடையாமல் அடியிலிருந்து அள்ளிப் பிரட்டி இறக்குங்கள். கிழங்கு எண்ணெயையும் காரத்தையும் மேலோட்டமாக வாங்கிக்கொள்ளும், உள்ளே வெள்ளையாகவே இருக்கும். அதுதான் வேண்டும். மூடி வைத்தால் ஆவியில் எல்லாம் தொய்ந்துவிடும். ரசஞ்சோறு நல்ல துணை; மாவு இருந்தால் தோசையும் சரி.

மிச்சத்தை இருப்புச்சட்டியிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், காலையில் கறுத்து வாடை அடிக்கும். வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, சட்டி சூடு ஆறும் முன் இரண்டு கை சோற்றைப் போட்டு, அடியில் பிடித்ததைச் சுரண்டிப் பிரட்டுங்கள். அது யாருக்கு என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது நல்லது. பிறகு வெந்நீரும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிக் கவிழ்த்து வையுங்கள்.