பதற்றமும் பர்ன்அவுட்டும் சேர்ந்து வந்தால்: கவுன்சலிங்கைப் பயன்படுத்திக்கொள்ளும் வழி

நான் ஒருங்கிணைந்த முறையில் வேலை செய்யும் கவுன்சலர். முதல் நாள் வருகிறவர்களில் பலர் ஒரே மூச்சில் இரண்டு விஷயம் சொல்வார்கள். "எப்பப் பாத்தாலும் நெஞ்சு படபடன்னு இருக்கு." "எதிலயும் பிடிப்பே இல்ல." முதலாவது பதற்றம், இரண்டாவது, வேலையைச் சுற்றி வந்ததென்றால், பெரும்பாலும் பர்ன்அவுட், அதாவது வேலை அழுத்தம் நாள்பட்டு ஆளையே வற்றவைத்துவிடும் நிலை. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும். பதற்றம் தணிய, பயப்படும் விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்க வேண்டும். பர்ன்அவுட் தணிய, சுமையை இறக்கிவிட்டு விலகி உட்கார வேண்டும். ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் "நெருங்கு", "விலகு" என்று இரண்டையும் சொன்னால் அவர் என்னதான் செய்வார்? எதை முதலில், எதை அப்புறம் என்று பார்த்து, பல சிகிச்சை முறைகளிலிருந்து தேவையானதை எடுத்து வரிசைப்படுத்துவதே இந்த முறை.

கவுன்சலிங்குக்கு முன்னால் ஒரு பொது மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் கெடும். பார்ப்பதற்கு அசல் பதற்றம்தான். ரத்தசோகை ஆளையே அடித்துப் போட்டுவிடும். ரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடியதை என்னிடம் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அடுத்தது ஆளைத் தேர்ந்தெடுப்பது. "எல்லா முறையும் தெரியும்" என்பவரிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள். எந்தெந்த முறைகளில் முறையான பயிற்சி பெற்றீர்கள், என் விஷயத்தில் எதை முதலில் எடுப்பீர்கள், ஏன், பலன் தெரியாவிட்டால் எதை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். தன் வேலையைப் பற்றி மூத்தவர் ஒருவரோடு தொடர்ந்து கலந்து பேசுகிறாரா என்றும் கேட்கலாம். நல்ல கவுன்சலர் இதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார். கவுன்சலருக்கும் வருகிறவருக்கும் இடையிலான உறவைப் பற்றி எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் எழுதியது இன்றும் உதவுகிறது: இலக்கில் உடன்பாடு, அதற்காக அமர்வுகளில் செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் நடுவே ஒரு பிணைப்பு. மூன்றாவது அமர்வு முடிந்து வீட்டுக்குப் போகும்போது இந்த மூன்றும் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் அமர்வுக்கு முந்தைய வாரம் ஒரு சின்னக் குறிப்பு எழுதி வரச் சொல்வேன். எதைத் தள்ளிப் போட்டீர்கள், அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள், மறுநாள் எப்படி இருந்தது. அவ்வளவுதான். பெரிதாகத் தெரியாது, ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். ஏனென்றால் ஓய்வும் தப்பித்தலும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மேலாளரின் மின்னஞ்சலைத் திறக்காமல் படுத்துவிட்டீர்கள். மறுநாள் அதே மின்னஞ்சல் அதே அளவில் இருக்கிறது, உங்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கிறது என்றால் அது ஓய்வு. மின்னஞ்சல் இன்னும் பூதாகரமாகிவிட்டது, தெம்பும் ஏறவில்லை என்றால் அது தப்பித்தல். ஒருவருக்கே திங்களன்று ஓய்வாக இருந்தது வியாழனன்று தப்பித்தலாக மாறும். அதனால்தான் "நன்றாக ஓய்வெடுங்கள்" என்ற பொத்தாம்பொதுவான அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. "பயத்தை எதிர்கொள்ளுங்கள்" என்பதிலும் இல்லை.

குறிப்பைப் பார்த்த பிறகு வரிசை போடுவோம். தூக்கமே இல்லாமல் வருபவரிடம் பயத்தை நெருங்கும் பயிற்சியைத் தொடங்கமாட்டேன். முதல் சில வாரங்கள் தூக்கமும் சுமையும்தான். உடலைத் தணிக்க, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குவது போதும். இரவில் மனம் ஓடினால், பகலிலேயே கவலைக்கென்று அரை மணி நேரம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் வரும் கவலையை அந்த நேரத்துக்குத் தள்ளி வைக்கப் பழகுவோம்.

சுமை என்றால் வேலையின் அளவு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பர்ன்அவுட்டை ஆராய்ந்த உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் அது கிளம்பக்கூடிய ஆறு இடங்களைக் காட்டுகிறார்கள்: பணிச்சுமை, நம் கையில் உள்ள கட்டுப்பாடு, கிடைக்கும் அங்கீகாரம், சக பணியாளர்களுடனான உறவு, நியாயம், நாம் மதிக்கும் விழுமியங்கள். எது வலிக்கிறது என்று விரல் வைத்துச் சொல்லுங்கள். நியாயமில்லாத இடத்தில் நொந்தவருக்கு இரண்டு வார விடுப்பு கொடுத்தால், திரும்பிப் போன அன்றே பழைய நிலைக்கு வந்துவிடுவார். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் ஏற்கப்பட்ட ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பர்ன்அவுட்டை நோயாக அல்லாமல் வேலை சார்ந்த நிகழ்வாகவே வைத்திருக்கிறது. ஆகவே மாற வேண்டியது நீங்கள் மட்டுமே என்று கவுன்சலர் பேசினால் மறுத்துப் பேசுங்கள்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் பதற்றத்தின் பக்கம் திரும்பலாம். தள்ளிப் போட்டவற்றில் மிக எளிதானதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஏறுவது சிபிடி வழி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சையின் வழி. "முடியாது" என்று சொல்ல வாய் ஏன் வரவில்லை என்பது வேறு கேள்வி. அங்கே டிஏ (டிரான்சாக்‌ஷனல் அனாலிசிஸ்) என்ற முறை எனக்கு உதவுகிறது. "பிறரைத் திருப்திப்படுத்து", "குறையே இல்லாமல் செய்", "வலிமையாக இரு" என்று சின்ன வயதில் உள்ளே பதிந்த கட்டளைகளை அடையாளம் காண அது நல்ல கருவி. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வழியில் குறுக்கிடாமல் கேட்பது எல்லா வாரமும் உண்டு.

முன்னேற்றத்தை மனக்கணக்கில் விடாதீர்கள். பதற்றத்தை அளக்க ஜிஏடி-7 என்று 7 கேள்விகள் கொண்ட படிவம் 2006இல் வந்தது; கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 21 மதிப்பெண். 5, 10, 15 ஆகியவை லேசான, நடுத்தர, கடுமையான பதற்றத்தின் தொடக்க எல்லைகள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். தினமும் நிரப்பினால் அதுவே இன்னொரு பதற்றமாகிவிடும். எண் அசையவே இல்லையென்றால் அமர்விலேயே சொல்லுங்கள். "உங்க பேச்சு எனக்கு ஒத்துவரல" என்று ஒருவர் சொல்வதில் எனக்கு வருத்தம் கிடையாது. அதற்குப் பிறகுதான் பல சமயம் உருப்படியான பேச்சே தொடங்கும்.

உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அமர்வு வரை காத்திருக்க வேண்டாம். அன்றே மனநல மருத்துவரையோ அவசரச் சிகிச்சைப் பிரிவையோ அணுகுங்கள், நம்பிக்கையானவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். மருந்து எடுத்தாலும் கவுன்சலிங்கைத் தொடரலாம்.

நிறுத்தும்போது சட்டென்று நிறுத்தாமல், வாரம் ஒருமுறை என்பதை இரண்டு வாரம், பிறகு மாதம் என்று தள்ளிப் போடுங்கள். கடைசி அமர்வுகளில் ஒன்றில், சரிவு தொடங்கும்போது உங்களிடம் முதலில் தெரியும் அறிகுறிகள் எவை, அப்போது எந்தச் சுமையை முதலில் இறக்குவீர்கள் என்று எழுதி வாங்கிக்கொள்வேன். அதில் ஒரு நகல் உங்களுக்கு, இன்னொன்று உங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடக்கூடிய வீட்டு ஆளுக்கு.