ஊறுகாய் சிந்தாமல் போய்ச் சேர

விடுதியில் இருக்கும் மகளுக்கு முதன்முறை ஆவக்காய் அனுப்பியபோது, எண்ணெய் கசிந்து பெட்டியோடு அவளுடைய புதுச் சுடிதாரும் சிவந்துபோனது. தவறு என்னுடையதுதான்; பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பியிருந்தேன். இப்போது இரண்டு விரற்கடை இடம் விடுகிறேன். விளிம்பைப் பிசுக்கில்லாமல் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, அதன்மேல் மூடியைத் திருகுகிறேன். டேப்பை மூடி இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் டேப்பின் இழுப்பே மூடியைத் தளர்த்திவிடும். பிறகு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பைகள், தனித்தனி முடிச்சு.

பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. அளவுக்குச் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். மடித்து வைத்த தாள் அடியைத் தாங்காது. கசக்கினால்தான் மெத்தென்று இருக்கும். மூடியபின் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் இன்னும் தாள் வேண்டும். அடிப்பக்க இணைப்பில் டேப்பை இரண்டு முறை ஒட்டுங்கள், பாரம் அங்கேதான் இறங்குகிறது. முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்றைப் பெட்டிக்குள்ளும் போட்டுவிடுங்கள். மேலே ஒட்டியது கிழிந்துபோனாலும் பார்சல் அனாதையாகாது. சுடிதாரை மட்டும் தனியாக அனுப்புங்கள்.