காணாமல் போனோர் வழக்குகளை ஆராயத் தொடங்குவது எப்படி? கொங்குப் பகுதியினருக்கு ஒரு செய்முறை விளக்கம்

துலங்காத வழக்கொன்றைக் கையில் எடுக்கும் புதியவர், "யார் செய்திருப்பார்?" என்ற கேள்வியோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறார். 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின், இணையத் துப்பறிவாளர்கள் படங்களை ஒப்பிட்டு, ஒரு மாதம் முன்பே காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரைக் குற்றவாளியென்று பரப்பினார்கள். அவருக்கும் அந்தக் குற்றத்துக்கும் தொடர்பே இல்லை. அவர் இறந்துவிட்டார் என்பதே பிறகு தெரியவந்தது. ஆகவே ஆளைத் தேடாமல், நாளையும் இடத்தையும் தேடும் முறையையே இங்கே விளக்குகிறேன்.

முதலில் வழக்கைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர் ஒருவர் காணாமல் போய்ச் சில ஆண்டுகள் கடந்த வழக்கு பழகுவதற்கு ஏற்றது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் வழக்குகளைத் தொட வேண்டாம். குழந்தையைப் பற்றித் தகவல் தெரிந்தால் 1098க்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து ஆவணம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் காணாமல் போனோருக்கும் அடையாளம் தெரியாத உடல்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உள்ளன. நம் பக்கத்தில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் மாவட்ட எல்லை. 2004இல் தாராபுரத்தில் காணாமல் போனவரைத் திருப்பூர் மாவட்டப் பட்டியலில் மட்டும் தேடினால் போதாது; அப்போது தாராபுரமும் காங்கேயமும் ஈரோடு மாவட்டத்திலும், அவிநாசியும் பல்லடமும் உடுமலையும் கோவை மாவட்டத்திலும் இருந்தன; திருப்பூர் மாவட்டம் உருவானது 2009இல்தான். நாமக்கல்லும் 1997 வரை சேலத்தோடு இருந்தது. தண்டவாளத்தில் கிடைத்த உடலை உள்ளூர்க் காவல் நிலையப் பதிவில் தேடிப் பயனில்லை, இருப்புப்பாதை காவல்துறையின் பதிவுகளில்தான் தேட வேண்டும்.

மூன்றாவதாக, ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் உறுதியானவை: பேருந்துச் சீட்டு, வங்கியில் பணம் எடுத்த நேரம், தொலைபேசி அழைப்பு. வலப்பக்கம் யாரோ சொன்னவை. நம் ஊர்க்காரர்கள் தேதி சொல்வதில்லை, "நோம்பிக்கு மறுநாள்", "சந்தைக்குப் போன அன்று" என்றே சொல்வார்கள். இதைக் குறையாக நினைக்காதீர்கள். நாட்காட்டியோடு ஒப்பிட்டால் ஆண்டுகள் கழித்துச் சொல்லும் தேதியைவிட இது நம்பகமானது. கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்: காணாமல் போனது சனிக்கிழமை என்று புகாரில் இருக்கிறது, செவ்வாய்தோறும் கூடும் சந்தையில் அவரைக் கடைசியாகப் பார்த்ததாகக் கடைக்காரர் சொல்கிறார் என்றால், இடையில் உள்ள மூன்று நாட்கள்தான் உங்கள் வழக்கு.

நான்காவது, தண்ணீர். "வாய்க்காலில் விழுந்திருப்பார்" என்பது இங்கே ஊருக்கு ஊர் கேட்கும் பேச்சு. பவானிசாகரில் தொடங்கி சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்காலில் ஆண்டு முழுவதும் தண்ணீர் இருக்காது. முதல் போகத்துக்கு வழக்கமாக ஆகஸ்ட் நடுவில்தான் திறப்பார்கள். மே மாதக் கடைசியில் காணாமல் போனவர் அதில் அடித்துச் செல்லப்பட்டார் என்றால், அந்த ஆண்டு திறப்புச் செய்தியைப் பழைய நாளிதழில் பார்க்காமல் நம்பாதீர்கள். பிஏபி என்னும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட வாய்க்காலில் மண்டலம் மண்டலமாக முறை வைத்துத் திறப்பதால், ஒரே வாரத்தில் ஓர் ஊரில் வெள்ளமும் அடுத்த ஊரில் வெறும் மணலுமாக இருக்கலாம். தண்ணீர் ஓடிய காலம் என்றால், அது பாயும் திசையில் உள்ள அடுத்த மாவட்டங்களின் அடையாளம் தெரியாத உடல்களையும் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, ஒப்பிடுதல். நான் தொடங்கிய புதிதில் வயது, உயரம், மாநிறம் எல்லாம் பொருந்திய ஓர் உடலைக் கண்டு இரவு முழுக்கத் தூங்காமல் குறிப்பெழுதினேன். காலையில் பார்த்தால், ஆள் காணாமல் போவதற்குப் பதினொரு நாள் முன்பே அந்த உடல் கிடைத்திருந்தது. மாநிறமும் ஒல்லியான தேகமும் பாதி மாவட்டத்துக்குப் பொருந்தும். எல்லாக் கடைகளிலும் விற்கும் திருப்பூர் பனியனும் எதையும் காட்டிக்கொடுக்காது. சட்டைக் காலரின் உட்புறம் தைத்திருக்கும் டெய்லர் கடைத் துணிச்சீட்டு அப்படியல்ல. அதில் கடையின் பெயரோடு ஊரும் இருக்கும். பச்சை குத்திய பெயர், அறுவைத் தழும்பு, கட்டிய பல் ஆகியவையும் அப்படித்தான். அமெரிக்காவின் கென்டக்கியில் 1968இல் கூடாரத் துணியில் சுற்றிக் கிடைத்த பெண்ணின் உடலை, முப்பது ஆண்டுகள் கழித்து 1998இல் அடையாளம் காணச் செய்தவர் டாட் மேத்யூஸ் என்ற ஆலைத் தொழிலாளி; உடலைக் கண்டெடுத்தவரின் மருமகன். காணாமல் போன அக்காளைத் தேடித் தங்கை இணையத்தில் இட்ட குறிப்பை அந்த உடலின் விவரத்தோடு பொருத்திப் பார்த்ததே அவர் செய்தது. உறுதி செய்தது மரபணுச் சோதனை.

பொருத்தம் கண்டுவிட்டால் குடும்பத்துக்குத் தொலைபேசி செய்யாதீர்கள். குற்ற எண், இரண்டு காவல் நிலையங்களின் பெயர், பொருந்தும் அடையாளங்கள், பொருந்தாதவை ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி, வழக்கு பதிவான நிலைய ஆய்வாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பொருந்தாதவற்றை மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் தாளில் அவர் முதலில் தேடுவது அதைத்தான்.