இரவில் கொம்பியூட்டரை நிப்பாட்டுவதா, விடுவதா?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் கொம்பியூட்டர் திருத்தும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி: "தம்பி, இதை ஒவ்வொரு நாளும் நிப்பாட்டவேணுமோ, அப்பிடியே விடலாமோ?" என் பதில், பகலில் அதைத் தூங்க (ஸ்லீப்பில்) விடுங்கள், இரவில் நிப்பாட்டுங்கள், இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள்.

போட்டுப் போட்டு நிப்பாட்டினால் மிசின் தேய்ந்துவிடும் என்று கனபேர் பயப்படுகிறார்கள். நாளுக்கு ஒன்றிரண்டு தடவை நிப்பாட்டுவதால் ஒன்றும் ஆகாது. எஸ்எஸ்டி என்ற சிப் வகைச் சேமிப்பான் போட்ட மிசினில் சுழலும் டிஸ்க்கே கிடையாது. இங்கே மிசினைக் கெடுப்பவை சொல்லாமல் போய் வரும் கரண்டும் மின்னலும் புழுதியும்தான்.

சமைக்கவோ கடைக்கோ எழும்பினால் ஸ்லீப் போதும். அதற்குச் சில வாட்ஸ்தான் போகும். ஆனால் திறந்து வைத்த வேலை ரம் (RAM) என்ற தற்காலிக நினைவகத்தில்தான் நிற்கிறது, கரண்ட் போனால் அதுவும் போய்விடலாம். எனவே முதலில் சேவ் பண்ணுங்கள். கரண்ட் போனாலும் பற்றரியில் கொஞ்ச நேரம் ஓட்டும் யூபிஎஸ் இல்லாத வீட்டுக்கு ஹைபர்நேட் இன்னும் நல்லது. எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு மிசின் நின்றுவிடும். விண்டோஸில் அது பெரும்பாலும் மறைந்திருக்கும். கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டன் என்ன செய்யவேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ஹைபர்நேட்டுக்கு டிக் போடுங்கள்.

இரவுக்கு ஷட் டவுண்தான். சும்மா நிற்கும் டெஸ்க்டொப் 60 வாட்ஸ் இழுக்கிறது என்று வையுங்கள். இரவு 10 மணித்தியாலத்துக்கு 0.6 யூனிட், மாதம் 18 யூனிட். மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டை அந்த 18 தாண்ட வைத்தால், முதல் யூனிட்டிலிருந்தே விலை ஏறும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலத்தில் இன்னொரு காரணமும் உண்டு. உரும்பிராய், சுன்னாகம் பக்கத்து மிசின்களைத் திறந்தால் விசிறிக்குப் பின்னால் செம்மண் புழுதி தடித்த துணிபோல ஒட்டிக் கிடக்கும். விசிறி சுற்றும் நேரமெல்லாம் அதைத்தான் உள்ளே இழுக்கிறது.

ஒன்று கவனியுங்கள். விண்டோஸ் 8இலிருந்து, மிசினைக் கெதியாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வந்துவிட்டது. அது இயங்கினால் ஷட் டவுண் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாகப் புதிதாகத் தொடங்குவதில்லை. மிசின் இழுபட்டால் ரீஸ்டார்ட் கொடுங்கள்.

இனி மின்னல். ஐப்பசி பிறந்தால் பின்னேரங்களில் வானம் இருட்டிக்கொண்டு வரும், அடுத்த கிழமை என் மேசை நிறைந்துவிடும். ஷட் டவுண் செய்திருந்தேனே என்பார்கள். அது போதாது. நிப்பாட்டிய மிசினின் பின்பக்கத்தைப் பாருங்கள், நெட்வேர்க் வயர் செருகும் இடத்தில் சின்ன லைட் எரிந்தாலும் எரியும். பவர் சப்ளைக்குக் கரண்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. சுவர் சுவிட்சை நிப்பாட்டினாலும் அது ஒரு வயரைத்தான் அறுக்கும். பிளக்கையே இழுத்தெடுங்கள். ரவுட்டர் பழைய ரெலிபோன் லைனில் ஓடினால் அந்த வயரையும் கழற்றவேண்டும். அதை விட்டதால் மின்னல் அந்த வழியாக வந்து, நெட்வேர்க் போர்ட் கருகி, மதர்போர்ட்டே செத்த மிசின்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். முழக்கம் கேட்டதுமே கழற்றுங்கள், மழை தொடங்கட்டும் என்று நிற்காதீர்கள். தலைக்கு மேலே மின்னிக்கொண்டிருந்தால் வயரில் கை வைக்காதீர்கள், பொருளை விட ஆள் முக்கியம்.

கரண்ட் திரும்பி வந்தவுடன் ஓடிப்போய்ப் போடவும் வேண்டாம். முதல் சில நிமிடம் வோல்டேஜ் ஏறி இறங்கும், லைட் துடிக்காமல் நிலையாக எரிந்த பிறகு செருகுங்கள்.