பார்வையில்லாத பிள்ளையும் படிக்கிற மாதிரி உங்கள் பாடத் தளத்தைச் சரிசெய்வது எப்படி?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கடற்கரை ஊர்களில் மாலை நேர வகுப்பு நடத்துகிற சின்ன அறக்கட்டளைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களிடம் ஓர் இணையதளம் இருக்கும். வினாத்தாள், பாடக்குறிப்பு, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் ஏற்றி வைத்திருப்பீர்கள். ஆனால் பார்வையில்லாத ஒரு பத்தாம் வகுப்பு மாணவி அதைத் தன் போனில், திரையை வாசித்துக் காட்டும் வசதியோடு திறந்தால் பெரும்பாலும் ஒன்றும் விளங்காது. காரணம் ரொம்பச் சாதாரணமானது: தளத்தில் கண்ணுக்குத் தெரிகிற தமிழ், கணினிக்குத் தமிழாகத் தெரியவில்லை. ஒன்று அது ஸ்கேன் செய்த படம், இல்லாவிட்டால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. மற்ற எதற்கும் முன்னால் அதைத்தான் சரிசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேர்ட்பிரஸ்ஸில் தளம் வைத்திருப்பவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். கோடிங் தெரிய வேண்டியதில்லை.

1. முதலில் காதால் கேட்டுப் பாருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், அக்ஸஸிபிலிட்டியில் டாக்பேக் என்கிற திரைவாசிப்பு வசதியை ஆன் செய்யுங்கள். ஆன் ஆனதும் தொடுகிற முறையே மாறிவிடும்: ஒரு தரம் தொட்டால் அங்கே இருப்பதை வாசிக்கும், இரண்டு தரம் தட்டினால்தான் திறக்கும், விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததுக்குப் போகும். அணைப்பதற்கு வழி தெரியாமல் தவிக்க வேண்டாம், இரண்டு வால்யூம் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற குறுக்குவழியை முன்னாலேயே அமைத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் குரலையும் இறக்கி வையுங்கள்.

இப்போது ஒரு பிள்ளை உங்கள் தளத்துக்கு எதற்காக வருமோ அப்படி ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அரையாண்டு அறிவியல் வினாத்தாளை எடுப்பது என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு முகப்பிலிருந்து அந்த வினாத்தாளின் முதல் கேள்வி வரை போய்ப் பாருங்கள். எங்கெல்லாம் மாட்டிக்கொள்கிறீர்களோ அதையெல்லாம் ஒரு தாளில் குறியுங்கள். அதுதான் உங்கள் வேலைப் பட்டியல்.

கணினி என்றால், திரையை வாசித்துக் காட்டுகிற என்விடிஏ. மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-இல் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. விண்டோஸில் வள்ளுவர் என்றே பெயர் வைத்த ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது, அதையும் இதனோடு சேர்த்துப் பயன்படுத்தலாம்.

2. எழுத்தை எழுத்தாக்குங்கள்

நாம் பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. கண்ணுக்குத் தமிழ், காதுக்கு வெறும் உளறல். பிள்ளை டாக்பேக்கை எத்தனை தரம் ஓட்டினாலும் அந்த உளறல்தான் வரும்.

கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் அது யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிக்கும் தமிழாகவே தெரிகிற குறியீடு, நல்லது. ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது படம்.

பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்ற இலவச மாற்றிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. எந்த எழுத்துரு என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள், பாமினிக்கும் வானவில்லுக்கும் விசைகள் வேறு. இன்னொரு சிக்கல், பாடக்குறிப்பில் நடுநடுவே வருகிற ஆங்கிலச் சொல்லையும் வேதியியல் சூத்திரத்தையும் அந்த மாற்றும் கருவி கூடவே தமிழாக்கிவிடும். கார்பன் டை ஆக்ஸைடின் சூத்திரம் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்தாக நிற்கும். அறிவியல், கணக்குக் குறிப்பு என்றால் மாற்றியபின் அந்தப் பாட ஆசிரியர் ஒருவர் கட்டாயம் படித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கேன் கோப்பு என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறவுங்கள். எழுத்தைப் பிரித்தெடுத்துத் தரும். ஓரளவு நன்றாகவே வரும், ஆனால் ரகரமும் துணைக்காலும் இடம் மாறும், ணகரம் னகரம் தடுமாறும், இரண்டு பத்தியாக அச்சடித்த வினாத்தாளில் கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிழை திருத்த ஆள் வேண்டும், கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வருகிற பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு வினாத்தாள் கொடுத்தால் செய்து தருவார்கள்.

சரிசெய்ததை மறுபடியும் பிடிஎஃப் ஆக்கி ஏற்றாமல், வேர்ட்பிரஸ் பக்கமாகவே போடுங்கள். பிடிஎஃப் வேண்டுமென்றால் கூடுதலாக இருக்கட்டும், அதையும் வேர்டில் தலைப்பு ஸ்டைல் கொடுத்து 'சேவ் ஆஸ்' வழியாக எடுங்கள், 'பிரின்ட்' வழியாக எடுத்தால் தலைப்பு விவரம் தொலைந்துபோகலாம். ஸ்கேனைவிட எழுத்துப் பக்கம் பல மடங்கு சின்னது, சிக்னல் இழுக்கிற ஊர்களில் எல்லாப் பிள்ளைகளுக்குமே லாபம். அப்புறம் வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குப் போய்த் தளத்தின் மொழி தமிழ் என்று இருக்கிறதா பாருங்கள். ஆங்கிலம் என்று இருந்தால் வாசிக்கிற குரல் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும், அல்லது வாயே திறக்காது.

3. படத்துக்கு வார்த்தை கொடுங்கள்

வேர்ட்பிரஸ்ஸில் படம் ஏற்றும்போது 'ஆல்டர்நேட்டிவ் டெக்ஸ்ட்' என்று ஒரு பெட்டி வரும். பார்வையில்லாதவருக்கு அந்தப் படமே அதில் நீங்கள் எழுதுகிற வரிதான். என்ன எழுதுவது என்பதைப் படம் தீர்மானிக்காது, அது எந்த இடத்தில் வருகிறது என்பதுதான் தீர்மானிக்கும். உயிரியல் பாடத்தில் ஆவுளியா (கடற்பசு) படம் இருந்தால் 'ஆவுளியா' என்று மட்டும் போட்டால் போதாது. 'கடற்புல் மேயும் ஆவுளியா. வாய் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது, முன்னால் துடுப்பு போன்ற இரண்டு கைகள், வால் திமிங்கலத்துக்கு இருப்பதுபோல இரண்டாகப் பிரிந்திருக்கிறது' என்று எழுத வேண்டும். அதே படத்தை வினாத்தாளில் போட்டு 'இது என்ன விலங்கு?' என்று கேட்டிருந்தால் பெயரை எடுத்துவிட்டு உருவத்தை மட்டும் சொல்லுங்கள், விடையைப் பெட்டியில் எழுதி வைத்துவிடாதீர்கள். பக்கத்தின் ஓரத்தில் சும்மா அழகுக்கு வைத்த அலைக்கோடு, சிப்பிப் படம் என்றால் பெட்டியைக் காலியாகவே விடுங்கள்.

வீடியோவுக்கும் இதே கதைதான். ஆசிரியர் கரும்பலகையைக் காட்டி 'பாலம் இப்படித் திறக்கும், பழையது அப்படித் திறந்தது' என்றால் பார்வையில்லாத மாணவிக்கு அது வெறும் சத்தம். '2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி படுத்தவாக்கிலேயே மேலே ஏறும், 1914-இன் பழைய பாலத்தில் இரண்டு கைகள் நடுவில் பிரிந்து எதிரெதிர்ப் பக்கமாக மேலே எழுந்தன' என்று சொல்லிப் பாருங்கள், கண் தெரிகிற பிள்ளைக்கும் கூடுதலாகவே புரியும். காது கேளாத பிள்ளைகளுக்கு யூடியூப் ஸ்டுடியோவில் சப்டைட்டிலை நீங்களே தட்டச்சு செய்து போடுங்கள். தானாக வருவதை நம்பி விட்டுவிட வேண்டாம், பாடச் சொல்லில் ஓர் எழுத்து பிசகினாலும் பொருளே மாறிவிடும்.

4. தலைப்பு, இணைப்பு

எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது தலைப்பு ஆகாது. ஹெட்டிங் பிளாக் போடுங்கள். என்விடிஏவில் எச் விசையைத் தட்டினால் தலைப்பு தலைப்பாகத் தாவலாம், நீளமான பாடத்தில் வேண்டிய இடத்துக்குப் போக அதுதான் வழி. இணைப்பில் 'இங்கே சொடுக்கவும்' வேண்டாம், 'ஒன்பதாம் வகுப்பு கணிதம், அரையாண்டு வினாத்தாள்' என்று முழுசாக எழுதுங்கள்.

5. நிறம்

கடலோரத் தளம் என்பதால் இளநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைக்கத் தோன்றும். நண்பகல் வெயிலில் கடற்கரையில் நின்று அந்தப் பக்கத்தைப் போனில் படித்துப் பாருங்கள், குறைந்த பார்வை உள்ளவரின் சிரமம் கொஞ்சமாவது புரியும். உலக அளவில் பின்பற்றுகிற விதி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்பது. வெள்ளையின் மேல் 767676 என்ற சாம்பல் நிறம் 4.54 வாங்கித் தேறிவிடும், 999999 என்றால் 2.85-தான், தேறாது. கான்ட்ராஸ்ட் செக்கர் என்று தேடினால் வருகிற எந்தக் கருவியிலும் உங்கள் நிற எண்களைப் போட்டுப் பார்க்கலாம்.

6. விண்ணப்பப் படிவம்

மௌஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் அழுத்தி உதவித்தொகைப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பெட்டிக்குள் மங்கலாக 'பெயர்' என்று எழுதி வைப்பது போதாது, தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும், பெட்டிக்கு மேலே நிரந்தரமாக லேபிள் வையுங்கள். தப்பு நடந்தால் சிவப்புக் கோடு மட்டும் காட்டாமல் 'பிறந்த தேதி விடுபட்டிருக்கிறது' என்று எழுத்தில் சொல்லுங்கள். நெளிந்த எழுத்தைப் படித்து அடிக்கச் சொல்லும் கேப்ட்சாவை எடுத்தே விடுங்கள், உதவித்தொகை யாருக்குத் தேவையோ அவரையே அது வாசலில் நிறுத்திவிடும். மூளை முடக்குவாதத்தால் கை நடுங்குகிற பிள்ளைகளும் போனில்தான் நிரப்புவார்கள், பொத்தான்கள் பெரிதாகவும் தள்ளித்தள்ளியும் இருக்கட்டும். மேலே சொன்ன உலக விதிகளின் 2023-இல் வந்த புதிய தொகுப்பு (டபிள்யூசிஏஜி 2.2) குறைந்தபட்சம் 24 பிக்சல் என்கிறது. அதன் இரண்டு மடங்கு வைத்தால் இன்னும் நல்லது.

இதைத் தருமமாக நினைத்துச் செய்ய வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. டிஜிட்டல் வசதிகளை எட்டுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது.

7. ஆட்களை வைத்துச் சோதியுங்கள்

பக்கத்தைத் தானாகச் சோதிக்கிற வேவ் போன்ற இலவசக் கருவிகள் விடுபட்ட லேபிளைக் காட்டும், நீங்கள் எழுதிய பட வரி புரிகிறதா என்று சொல்லாது. உங்கள் பக்கத்து ஊர்களிலேயே டாக்பேக் பழகிய மாணவர்கள், படித்து முடித்த இளைஞர்கள் இருப்பார்கள். ஒருவரை அழைத்து, அரை நாள் வேலைக்கான கூலியைக் கொடுத்து, வினாத்தாள் எடுப்பதையும் படிவம் நிரப்புவதையும் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், நடுவில் புகுந்து உதவி செய்யாதீர்கள். அவர் தடுமாறுகிற இடம்தான் அடுத்த வாரம் நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

கடைசியாக, எல்லாப் பக்கத்தின் அடியிலும் ஒரு தொலைபேசி எண்ணையும் வாட்ஸாப் எண்ணையும் எழுத்தாகவே போடுங்கள். 'இந்தப் பக்கத்தைப் படிக்க முடியவில்லையா? அழையுங்கள், அல்லது செய்தி அனுப்புங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். யாராவது கூப்பிட்டால் அந்த வினாத்தாளை அன்றைக்கே வாட்ஸாப்பில் எழுத்தாக அனுப்பிவிட்டு, அந்தப் பக்கத்தைப் பட்டியலின் மேலே தூக்கி வையுங்கள்.